நிலக்கரியும் செழிப்பும்: டென்மார்க்கின் ஐம்பதாண்டுக் கணக்கு

2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31 ஆம் திகதி, மேற்கு யூலண்டின் துறைமுக நகராகிய எஸ்பியேர்க்கில் நிலக்கரி மின்நிலையமொன்று தனது உலையை நிரந்தரமாக அணைத்துக்கொண்டது. 250 மீற்றர் உயரம் கொண்ட அதன் புகைபோக்கி நாட்டிலேயே மிக உயர்ந்ததாக இருந்தது. வடகடலிலிருந்து கரை திரும்பும் மீனவர்களுக்கும், நெடுஞ்சாலை வழியே நகரை நெருங்கும் எம்மவர்களுக்கும் பல ஆண்டுகளாக அதுவே அடையாளம். விழா எதுவுமின்றி அடங்கிய அந்த உலையோடு, ஓர்ஸ்டட் எனப்படும் பெரும் மின்நிறுவனத்தின் நிலக்கரிக் காலமும் முடிவுற்றது. அதற்குச் சரியாக ஒரு மாதத்தின் பின்னர், செப்டெம்பர் 30 இல், பிரித்தானியாவின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. 1882 இல் இலண்டன் நகரிலே தொடங்கிய கதை அது.

எமது பிள்ளைகள் இந்நாட்டுப் பாடசாலைகளில் டென்மார்க்கைக் காற்றாலைகளின் நாடு என்று கற்று வருகின்றனர். அது பிழையன்று. ஆயினும் எம்மில் மூத்தோர் 1980களின் நடுப்பகுதியில் வந்திறங்கிய டென்மார்க் அதுவல்ல. செஞ்சிலுவைச் சங்கத்தின் அகதி நிலையங்களில், யன்னலுக்குக் கீழே இருந்த வெப்பமூட்டியில் கைகளை வைத்து முதற் குளிர்காலத்தைக் கடத்தியோர் பலர். அவ்வெப்பம் எங்கிருந்து வந்ததென்று அன்று எவரும் கேட்கவில்லை. கேட்கும் மனநிலையும் எமக்கு இருக்கவில்லை. இன்று திரும்பிப் பார்க்கையில் விடை தெளிவாகின்றது: அக்காலத்தில் இந்நாட்டு மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பங்கு நிலக்கரியிலிருந்தே பிறந்தது. எமக்குப் புகலிடம் தந்தது ஒரு நிலக்கரி நாடு.

ஒரு நாடு செல்வம் பெறுவதாயின் நிலக்கரியை மேலும் மேலும் எரித்தே ஆகவேண்டுமா? இக்கேள்வி பொருளியல் அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. தாயகத்தில் நிலக்கரிக்கென நிலம் பறிக்கப்பட்ட மக்களும், இங்கே மின்கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விடும் குடும்பங்களும் அதற்குள் அடங்குவர். ஆகவே டென்மார்க்கின் கணக்கை ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிட விரும்புகின்றோம்.

எண்ணெயிலிருந்து கரிக்கு

1973 இல் மத்திய கிழக்கில் போர் மூண்டபோது, டென்மார்க் தனக்குத் தேவையான சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவில் எண்ணெயையே நம்பியிருந்தது. அவ்வெண்ணெய் ஏறத்தாழ முழுவதும் இறக்குமதி. விலை நான்கு மடங்கானது. அவ்வாண்டு நவம்பர் 25 ஆம் திகதி முதலாவது ‘காரில்லா ஞாயிறு’ அறிவிக்கப்பட்டது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் துவிச்சக்கர வண்டிகளிலும் குதிரைகளிலும் சென்ற படங்களை இந்நாட்டு முதியவர்கள் இன்றும் சிரித்தபடி காட்டுவார்கள். ஆனால் அரசுக்கு அது சிரிக்கும் விடயமாக இருக்கவில்லை. வேலையின்மை பெருகிற்று, வெளிநாட்டுக் கடன் ஏறிற்று.

அரசும் மின்நிறுவனங்களும் கண்ட முதல் வழி நிலக்கரி. எண்ணெய் எரித்த உலைகள் கரி எரிக்கும் உலைகளாக மாற்றப்பட்டன. புதிய நிலையங்களும் கரிக்கெனவே கட்டப்பட்டன. டென்மார்க்கில் தோண்டியெடுக்கத்தக்க நிலக்கரி கிடையாது. எனவே போலந்திலிருந்தும் தென்னாபிரிக்காவிலிருந்தும் பின்னர் கொலம்பியா, றஷ்யா போன்ற நாடுகளிலிருந்தும் கப்பல்கள் வந்தன. 1985 மார்ச் மாதத்தில் நாடாளுமன்றம் அணுமின் நிலையங்களைத் திட்டத்திலிருந்து அகற்றியது. கொப்பன்ஹேகனுக்கு எதிர்க்கரையில், சுவீடனின் பார்செபெக் அணுநிலையத்தைக் கண்ணால் காணக்கூடியதாக இருந்த மக்களின் எதிர்ப்பு அதற்குப் பெருங் காரணம். அம்முடிவைப் பாராட்டுவோர் பலர். எனினும் அதன் உடனடி விளைவு நிலக்கரியின் பிடி மேலும் இறுகியதே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஆண்டுகளில் பொருளாதாரம் மீண்டபோது கரியும் கூடவே ஏறியது. ‘வளர்ச்சியென்றால் கரி’ என்ற வாய்பாடு டென்மார்க்கிலும் அன்று செல்லுபடியானது.

இடையில் ஒரு செய்தி. 1986 இல் டென்மார்க் நாடாளுமன்றம் நிறவெறித் தென்னாபிரிக்காவுடனான வர்த்தகத்தை முற்றாகத் தடைசெய்தது. மேற்கு நாடுகளில் முதலாவதாக அவ்வாறு செய்த நாடு இதுவே. அத்தடையில் முதன்மையாக அடங்கியது நிலக்கரி. மலிவான கரியை இழந்தால் தொழில்துறை தளருமென அன்று எச்சரித்தோர் உண்டு. கரி வேறு நாடுகளிலிருந்து வந்தது, தொழில்துறை தளரவில்லை. அதே ஆண்டுகளிலேயே எமது குடும்பத்தவரின் இணைவு விண்ணப்பங்கள் நீதியமைச்சில் முடக்கி வைக்கப்பட்டு, அவ்விவகாரம் 1993 சனவரியில் ஷுல்ற்றர் அரசையே பதவி விலகச் செய்தது என்பதையும் வாசகர்கள் அறிவர். ஒரே நாடாளுமன்றம், ஒரே காலம். தொலைவிலிருந்த அநீதி அவர்களுக்கு விரைவாகத் தெரிந்தது.

பிரிந்து சென்ற இரு கோடுகள்

1990 ஆம் ஆண்டை ஓர் எல்லைக்கல்லாகக் கொள்வோம். அவ்வாண்டில் டென்மார்க் ஏறத்தாழ ஒரு கோடி தொன் நிலக்கரியை எரித்தது. மக்கள் தொகை ஐம்பது இலட்சத்துக்குச் சற்றே மேல். அதாவது குழந்தைகள் உட்பட ஆளுக்கு இரண்டு தொன். அன்றிலிருந்து இன்றுவரை நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும், நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வளர்ந்துள்ளது. நிலக்கரிப் பாவனையோ நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வீழ்ந்துள்ளது. ஒரே தாளில் வரைந்தால் ஒரு கோடு மேலேயும் மற்றது கீழேயும் செல்லும். 1978 இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், வளர்ச்சி சக்திப் பாவனையை ஏற்றுகின்றதா அல்லது சக்தி வளர்ச்சியை ஏற்றுகின்றதா என்று புள்ளிவிபரங்களால் ஆராயத் தொடங்கினர். அன்று தொடங்கிய விவாதம் இன்னும் முடியவில்லை. நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் விடை மாறுகின்றது. டென்மார்க்கோ அக்கேள்வியின் இரு முனைகளையும் அறுத்துக்காட்டிய நாடாகப் பேசப்படுகின்றது.

எவ்வாறு அறுத்தது? எல்லோரும் காற்றாலையைக் காட்டுவர். எமது கணிப்பில் முதலிடம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குரியது: தெருக்களின் கீழே ஓடும் சுடுநீர்க் குழாய்களுக்கு.

கரியை எரித்து மின்சாரம் மட்டும் பிறப்பித்தால், அதன் வெப்பத்தில் பாதிக்கு மேற்பட்டது கடலுக்குள் கொட்டப்படும். அதே வெப்பத்தை நீரில் ஏற்றி வீடுகளுக்கு அனுப்பினால், எரிபொருளில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு பயன்படும். 1979 இல் இயற்றப்பட்ட வெப்ப வழங்கற் சட்டம் ஊராட்சிகளைத் திட்டமிட வைத்தது: எந்தத் தெருவுக்குக் குழாய், எந்தத் தெருவுக்கு வாயு என்று வரைபடம் போடப்பட்டது. 1988 இல், இக்குழாய்கள் உள்ள பகுதிகளில் எழும் புதிய வீடுகளை மின்சாரத்தால் சூடேற்றுவது தடைசெய்யப்பட்டது. இன்று மூன்றில் இரண்டு வீடுகள் டெனிஷ் மொழியில் ‘ஃபியர்ன்வார்ம’ எனப்படும் இத்தொலைவெப்பத்தால் சூடாகின்றன. அகதி நிலையத்தில் எமது கைகளைச் சூடாக்கிய நீரும் பெரும்பாலும் இவ்வாறு வந்ததே. ஒரு தொன் கரி இரு வேலைகளைச் செய்தமையால், நாடு வளர்ந்தும் கரி அதே வேகத்தில் ஏறவில்லை.

இரண்டாவது, வரி. 1977 இல் மின்சாரத்துக்கும் 1982 இல் நிலக்கரிக்கும் வரி வந்தது. 1992 இல் கரியமில வாயுவுக்கே வரி. இவற்றிலும் முக்கியமான தருணம் 1986. அவ்வாண்டில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. பல நாடுகள் மகிழ்ந்து மீண்டும் தாராளமாக எரிக்கத் தொடங்கின. டென்மார்க் அரசோ விலை விழுந்த அளவுக்கு வரியை உயர்த்தியது. பாவனையாளர் கொடுத்த விலை விழவில்லை. சுவர்களுக்கு வெப்பத்தடுப்பு இட்டவனும் இரட்டைக் கண்ணாடி யன்னல் பொருத்தியவனும் ஏமாறவில்லை. ஆங்கிலேயப் பொருளியலறிஞர் ஜெவன்ஸ் 1865 இலேயே ஓர் எச்சரிக்கையை எழுதிவைத்தார்: இயந்திரம் சிக்கனமாகும்போது கரி குறைவதில்லை, மலிவாகிய வேலை பெருகிக் கரி மேலும் கூடும் என்று. அப்பொறியிலிருந்து தப்பும் வழி சிக்கனத்தோடு விலையையும் உயர்த்தி வைத்திருப்பதே. எம்முடைய மின்கட்டணச் சீட்டில் பல ஆண்டுகளாக மின்சாரத்தின் விலையைவிட வரி பெரிதாக நின்றதன் காரணம் இதுதான். குறைந்த சம்பளத்தில் மீன் தொழிற்சாலையிலும் துப்பரவு வேலையிலும் நின்ற குடும்பங்களுக்கு அது பாரமாகவே இருந்தது என்பதை நாம் மறைக்கவில்லை. வீட்டில் எரியும் மின்குமிழுக்கு வசதியுள்ளவனும் இல்லாதவனும் ஒரே வரிதான் கொடுத்தனர். அதேவேளை பெருந்தொழிற்சாலைகளுக்கு நெடுங்காலம் சலுகை இருந்தது. நாட்டின் கணக்குச் சரியாயிற்று. வீட்டுக் கணக்கு அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை.

மூன்றாவதாகவே காற்று. 1891 இல் அஸ்கோவ் என்னும் ஊரில் போல் லா கூர் என்ற ஆசிரியர் காற்றாடியால் மின்சாரம் பிறப்பித்தார். 1957 இல் யொஹான்னஸ் யூல் கெட்சரில் 200 கிலோவாற் காற்றாலையை நிறுத்தினார். 1978 இல் ட்வின்ட் பாடசாலைகளின் ஆசிரியரும் மாணவரும் தொண்டர்களுமாகச் சேர்ந்து பெரும் காற்றாலையொன்றைத் தம் கையாலேயே கட்டி இயக்கினர். 1991 இல் உலகின் முதலாவது கடற் காற்றாலைத் தொகுதி, பதினொரு காற்றாடிகளுடன், வின்டபியில் எழுந்தது. 1990 இல் நாட்டு மின்சாரத்தில் நூற்றுக்கு இரண்டளவில் இருந்த காற்றின் பங்கு இன்று பாதியைத் தாண்டிவிட்டது. இங்கே எமக்கு ஒரு தனி உவகையும் உண்டு. அபிராமி அம்பாள் ஆலயம் அமைந்த பிரண்டே என்னும் சிறு நகரிலேயே, 1980 இல் நீர்ப்பாசனக் கருவிகள் செய்து வந்த நிறுவனமொன்று காற்றாலை செய்யத் தொடங்கியது. ‘போனஸ்’ என்ற பெயரில் வளர்ந்த அதை 2004 இல் சீமென்ஸ் வாங்கியது. திருவிழாவுக்குச் செல்லும் எம்மவர் வாகனங்கள் அவ்வூர் வீதிகளில் நீண்ட காற்றாடி இறக்கைகளை ஏற்றிய பாரவண்டிகளுக்கு வழிவிட்டு நிற்பது புதிதன்று.

நோர்வேயில் மழை பெய்யாவிட்டால்

இனி, பெருமைக் கதையில் சொல்லப்படாத பகுதிகளுக்கு வருவோம்.

1996 இல் டென்மார்க்கின் நிலக்கரிப் பாவனை திடீரென்று முன்னொருபோதும் இல்லாத உச்சத்துக்கு ஏறியது. அவ்வாண்டில் பொருளாதாரம் அவ்வளவு பாய்ந்ததா? இல்லை. நோர்வேயிலும் சுவீடனிலும் மழை பொய்த்தது. அந்நாடுகளின் மின்சாரம் பெரும்பாலும் நீர்வீழ்ச்சியிலிருந்து வருவது. நீர்த்தேக்கங்கள் வற்றியபோது டென்மார்க்கின் கரி நிலையங்கள் இரவு பகலாக எரிந்து அயலாருக்கு மின்சாரம் விற்றன. மழை மிகுந்த ஆண்டுகளில் இது தலைகீழாகும். ஆகவே ஓராண்டின் கரிக் கணக்கை மட்டும் எடுத்து, அதை அவ்வாண்டின் வளர்ச்சியோடு ஒப்பிடுபவர் ஏமாறுவார். காற்று வீசாத நாளில் நோர்வேயின் நீரும் சுவீடனின் அணுவும் கைகொடுக்கும் வசதி டென்மார்க்குக்கு உண்டு. தனித்தீவாகிய இலங்கைக்கு அவ்வாறான கம்பித் தொடர்பு எதுவும் கிடையாது.

அடுத்தது விறகு. பல கரி நிலையங்கள் மூடப்படவில்லை, எரிபொருளை மாற்றிக்கொண்டன. கொப்பன்ஹேகன் அருகே அவடோரவும், ஓகூஸ் அருகே ஸ்ருட்ஸ்ரப்பும், கலன்போர்க்கின் அஸ்னெஸ் நிலையமும் மரத்தூள் குளிசைகளுக்கும் மரச்சீவல்களுக்கும் மாறின. கணக்கில் மரத்தின் புகை பூச்சியம். வெட்டிய மரம் மீண்டும் வளரும் என்பது நியாயம். ஆனால் எரிவதற்கு ஒரு நாளும் வளர்வதற்குப் பல பத்தாண்டுகளும் தேவை. அம்மரத்தில் பெரும்பகுதி பால்டிக் நாடுகளிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்தது. டெனிஷ் அறிஞர்களே இதைக் கடுமையாகக் கேள்வி கேட்டு வருகின்றனர். அவர்கள் கேட்பது சரியென்றே எமக்கும் படுகின்றது.

பின்னர், வெளியே அனுப்பப்பட்ட கரி. கொப்பன்ஹேகனின் பி அன்ட் டபிள்யூ கப்பற்தளம் 1996 இல் முறிந்தது. உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல்களைக் கட்டிய லின்டோ 2012 இல் மூடப்பட்டது. கப்பல்கள் இப்போது கொரியாவிலும் சீனாவிலும் கட்டப்படுகின்றன. எமது வீடுகளின் குளிர்சாதனப் பெட்டியும் கைத்தொலைபேசியும் பிள்ளைகளின் காலணியும் எந்த நாட்டுக் கரியால் ஆக்கப்பட்டன? உலகம் எரிக்கும் நிலக்கரியில் பாதிக்கு மேல் இன்று சீனாவில் எரிகின்றது. உலக மொத்தம் ஆண்டுக்கு எண்ணூறு கோடி தொன்னுக்கு மேல் நிற்கின்றது. டென்மார்க்கின் எல்லைக்குள் வீழ்ந்த கோட்டில் ஒரு பங்கு, சாங்காய் துறைமுகத்தில் ஏறியிருக்கின்றது. ஒரு பங்கு மட்டுமே என்பதையும் நேர்மையுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் வீடுகளின் வெப்பமும் மின்சாரமும் எங்கும் ஏற்றுமதியாகவில்லை. அவை உண்மையிலேயே கரியை விட்டு விலகின.

கரி தோண்டப்பட்ட இடங்களில் வாழ்ந்தோரைப் பற்றி இக்கணக்குகளில் ஒரு நிரல் கூடக் கிடையாது. டென்மார்க் பல ஆண்டுகள் கொலம்பியக் கரியை வாங்கிய நாடு. அந்நாட்டின் லா குவாகிரா மாகாணத்தில் 2001 ஆம் ஆண்டு, செரெகோன் சுரங்கத்தை விரிப்பதற்காகத் தபாக்கோ என்னும் கிராமம் இயந்திரங்களால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஆபிரிக்க வம்சாவளியினரான அக்கிராமத்தவர் அதன்பின் சிதறிப்போயினர். இடம்பெயர்ந்தோர் என்ற சொல்லின் பொருளை எவரும் எமக்கு விளக்க வேண்டியதில்லை.

நுரைச்சோலையும் சம்பூரும்

டென்மார்க் கரியை இறக்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் இலங்கை அதை ஏற்றிக்கொண்டிருந்தது. கத்தோலிக்க மீனவ மக்களின் நீண்ட எதிர்ப்பையும் மீறி, சீனக் கடனில், புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் எழுந்த மின்நிலையத்தின் முதற்பிரிவு 2011 இல் இயங்கத் தொடங்கியது. 2014 இல் மூன்று பிரிவுகளும் சேர்ந்து 900 மெகாவாற் ஆயிற்று. நாட்டு மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கு அளவுக்கு அங்கிருந்தே வருகின்றது. கரி முழுவதும் இறக்குமதி. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அங்கே கரி இறக்க முடியாது. ஆகவே முன்கூட்டியே குவித்துவைக்க வேண்டும். அதற்கு டொலர் வேண்டும். 2022 இல் டொலர் இல்லாதுபோன நாட்டில் எரிபொருள் வாங்க வழியின்றி ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நடந்தது. அவ்வாண்டில் பொருளாதாரம் நூற்றுக்கு ஏழுக்கும் மேல் சுருங்கியது. சுருக்கத்துக்கு மின்வெட்டு மட்டும் காரணமன்று. ஆயினும் வளர்ச்சிக்குக் கரி வேண்டும் என்று கட்டியெழுப்பிய நாடு, கரிக்கு முன்பு செலாவணி வேண்டும் என்பதை இருளில் அமர்ந்து கற்றது. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ், ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றித் திரியேற்றிப் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அந்த இருள் பழகியதுதான்.

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரின் கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. 2006 இல் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் இலக்காகி மக்கள் ஓடினர். ஊர் இராணுவத்தின் கைக்குச் சென்று உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் அந்நிலத்திலேயே இந்திய அரச நிறுவனத்துடன் இணைந்து 500 மெகாவாற் நிலக்கரி நிலையம் கட்டுவதற்கு ஒப்பந்தம் போடப்பட்டது. நிலத்துக்குரியோர் கிளிவெட்டி முதலான முகாம்களில் ஆண்டுக்கணக்கில் தகரக் கூரையின் கீழ் இருந்தனர். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. 2015 இலிருந்து ஒரு பகுதி நிலம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. உள்ளூர் மக்களின் எதிர்ப்பும் நீதிமன்ற வழக்கும் சேர, 2016 இல் அரசு கரித் திட்டத்தைக் கைவிட்டது. டென்மார்க்கில் நாற்பது ஆண்டுகள் திட்டமிட்டுச் செய்யப்பட்டது அங்கே ஒரு போராட்டத்தினால் நேர்ந்தது. கட்டப்படாத நிலையத்தை மூட வேண்டிய தேவையும் இல்லாதுபோயிற்று.

2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரும் இலங்கை சனாதிபதியும் கொழும்பில் இருந்தபடியே காணொளி வழியாகச் சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்குத் தொடக்கம் குறித்தனர். கரிக்குப் பதிலாக வெயில் என்பது நல்ல செய்தி. ஆனால் சூரியத் தகடுகளுக்குக் கரி உலையைவிடப் பரந்த நிலம் வேண்டும். டென்மார்க்கில் காற்றாலைகள் பரவியபோது, அவற்றில் பெரும்பகுதியை ஆரம்ப காலத்தில் ஊர்மக்களின் கூட்டுகளும் விவசாயிகளுமே பங்குபோட்டு வைத்திருந்தனர். காற்றாடி சுழல, அயல்வீட்டுக்காரருக்கும் வருமானம் கிடைத்தது. சம்பூரில் எந்த வயல், எந்த மேய்ச்சல் நிலம், எவர் உறுதியில் உள்ளது, வருமானத்தில் அவர்களுக்கு என்ன பங்கு என்ற கேள்விகளை அவ்வூரவரும், அவ்வூரிலிருந்து இங்கு வந்து வாழ்வோரும் கேட்டபடி இருக்கின்றனர்.

இங்கோ ஒரேயொரு பெரிய கரி நிலையம் எஞ்சியுள்ளது. ஒல்போர்க் நகரின் வட யூலண்ட் நிலையத்தின் மூன்றாம் பிரிவு 1998 இல் திறக்கப்பட்டபோது, கரியின் சக்தியில் நூற்றுக்கு 47 பங்கை மின்சாரமாக்கி உலக சாதனை படைத்தது. 2015 இல் அதை நகரசபையே வாங்கிக்கொண்டது. நகரத்து வீடுகளின் வெப்பம் அதையும், அருகிலுள்ள சீமெந்துத் தொழிற்சாலையின் கழிவு வெப்பத்தையும் நம்பியிருந்தது. 2028 இற்குள் அவ்வுலையை அணைப்பதாக நகரம் அறிவித்துள்ளது. எஸ்பியேர்க்கில் முன்னர் கரி தந்த வெப்பத்தின் ஒரு பகுதியை இப்போது கடல்நீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும் பெரும் பம்பிகள் தருகின்றன. ஒல்போர்க்கும் அவ்வகைப் பம்பிகளை லிம்ஃப்யோர்ட் கரையில் நிறுவும் வேலையில் இறங்கியிருக்கின்றது.